சரிவில் மிஞ்சிய எட்டுக் கற்கள்

எங்கள் வீட்டுக்காரரிடம் நான்கு பழைய டிராக்டர்கள் இருந்தன. நான்கில் ஒன்றால்கூட எங்களுக்கு ஒரு வேலை ஆனதில்லை. உழவு வந்தால் எம்.ரெட்டியபட்டியிலிருந்து வாடகைக்குப் புது வண்டிதான் வரும். அது எங்கள் கரிசலை உழுதுவிட்டுப் போகிற வரைக்கும், கொல்லையில் இந்த நான்கும் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும்.

ஊரில் கேலி பண்ணாத ஆள் கிடையாது. "மாடு கெழடானா அடிமாட்டுக்கு அனுப்புறோம். இவுக இரும்புக்கு முதியோர் இல்லம் நடத்துறாக" என்று டீக்கடையில் சொன்னார்களாம். அதை என்னிடம் வந்து சொல்லி அவரே சிரித்தார். "சொல்லிட்டுப் போகட்டும் புள்ள. அவனுக சீட்டாடுறானுக, நான் வண்டி ஆடுறேன்."

நிறத்தை வைத்துத்தான் அவற்றுக்குப் பேர். சாம்பல் வண்டி எல்லாவற்றுக்கும் மூத்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் சீட்டுக்கும் ஸ்டேரிங்குக்கும் நடுவில் சீமைக்கருவேல மரம் ஒன்று முளைத்து ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அவரும் மெக்கானிக் பாயும் இரண்டு நாள் அரிவாளோடு போராடி அதை வெளியே எடுத்தார்கள். மெக்கானிக் பாய் அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கிறுக்கில் இருந்த ஒரே கூட்டாளி.

சிவப்பு, அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரு முதலாளியிடம் கூலிக்கு ஓட்டிய வண்டி. எத்தனையோ வருஷம் கழித்துக் காரியாபட்டியில் ஒரு மரக்கடை ஓரத்தில் அதைப் பார்த்திருக்கிறார். மட்கார்டில் அந்தக் காலத்தில் அவர் கையால் வைத்த ஒட்டு அப்படியே இருந்ததாம். "கல்யாணத்துக்கு முன்னால பழகுனவ, வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன், கோவிச்சுக்கிறாத" என்றார். நீலம், பேருக்குத்தான் நீலம்; புகையில் கறுத்துப்போன முகம். நான்காவது குட்டி. ஏதோ ஒரு மில் பங்களாவில் புல் வெட்டுவதற்கு வைத்திருந்த தோட்டத்து வண்டி. என் இடுப்பு உயரந்தான் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். வெயில் நாளில் அதன் மூடி மேல் சேலையை விரித்து மிளகாய் காயப்போடுவேன். "டிராக்டர்ல வத்தல் போடுற பொம்பள ஒலகத்துல நீ ஒருத்திதான்" என்பார். ஆனால் ஒரு நாளும் எடுக்கச் சொன்னதில்லை.

எங்கள் கொல்லை மேட்டில் தொடங்கி ஓடையைப் பார்த்துச் சரிந்து போகும். அந்தச் சரிவில்தான் நான்கும் நிற்கும். எதற்கும் உருப்படியான பேட்டரி கிடையாது. சரிவில் உருளவிட்டுத்தான் இஞ்சினை எழுப்ப வேண்டும். பிரேக்கையும் நம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்துக்கு முன்னாலும் இரண்டிரண்டு கல் அண்டை கொடுத்திருக்கும். மொத்தம் எட்டுக் கல். மழை இறங்காமலிருக்க, புகைக்குழாய் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்போம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொன்றையும் எழுப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். இதில் எனக்கும் ஒரு வேலை உண்டு. டப்பாவை எடுக்க வேண்டும், கல்லை எடுக்க வேண்டும். கல்லை எடுத்ததும் வண்டி நகராது, கியர் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் கிளட்சை மிதித்தால்தான் உருளும். மிதிப்பதற்கு முன்னால் திரும்பிப் பார்க்காமலே கேட்பார்:

"விலகிட்டியா?"

"விலகிட்டேன்."

மெதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "காதுல விழல" என்பார். மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மிதிப்பார். வண்டி பொத்தென்று ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு டக்டக்கென்று உயிர் பிடிக்கும். நான் வாழ்நாளில் சத்தம் போட்டுச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெளி ஆண்களிடம் வாய் வராது. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன். சரி என்பதற்கும் அந்த ஆட்டல்தான். காதில் விழுந்தது என்பதற்கும் அதேதான். ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். ரேஷன் கடைக்காரர், "ஆத்தா, ஆட்டுனது போதும். சீனி வேணுமா வேணாமா, அதச் சொல்லுங்க" என்பார். நான் அதற்கும் ஆட்டுவேன். வெளியூர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் ஆடி மாதம் சாம்பல் வண்டியிலிருந்து இறங்கும்போது, எண்ணெய் பட்ட பலகையில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருந்தான். வீட்டில் ஆடும் மாடும் கிடந்ததால் நான் இங்கே இருந்தேன். இரண்டு நாளைக்கு ஒரு தரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போனால் அவர் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "டப்பாவெல்லாம் கவுத்திருக்கா? கல்லு தள்ளிப் போகாம இருக்கா?" என்றுதான் கேட்பார்.

"இருக்குங்க."

மகனுக்கு அதைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வந்தது. என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "அந்த இரும்புதாம்மா அவரக் கெடத்திருச்சு. இன்னமும் அது நெனப்பாவே இருக்காரு. நடக்க ஆரம்பிச்சா முத நாளே போயி ஏறுவாரு. இன்னொரு தரம் விழுந்தா ஆளு இல்லம்மா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவன் மேல் நான் இன்றைக்கும் பழி சொல்ல மாட்டேன். அப்பன் மேல் உயிர் அவனுக்கு.

அடுத்த வாரம் போன் பண்ணினான். "ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன். காலையில ஆளு வருவாக. கேட்டா சரின்னு சொல்லிரும்மா." நான் "ம்" என்றேன். என்ன ஏற்பாடு என்று கேட்கவில்லை. கேட்காமலும் தெரிந்தது.

காலையில் லாரியோடு ஐந்தாறு பேர் வந்தார்கள். பழைய இரும்பு எடுக்கிறவர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆத்தா, நாலையும் ஏத்திக்கிரலாமா? வீட்டுக்காரருக்குச் சம்மதந்தான?"

இருங்கள், ஒரு வார்த்தை அவரிடம் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் திறக்கவில்லை. கேட்டது காதில் விழுந்தது என்று தலையை ஆட்டினேன்.

அவர் திரும்பி, "ஆத்தா சரின்னுட்டாக. போடுங்கப்பா சங்கிலிய" என்றார்.

அப்போதாவது வெளியே ஓடியிருக்கலாம். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன். சிவப்பும் நீலமும் சங்கிலியில் போயின. சாம்பல் வண்டி மசியவில்லை, கியர் சிக்கிச் சக்கரம் சுற்ற மறுத்தது. கேஸ் நெருப்பு வைத்து அங்கேயே இரண்டு துண்டாக அறுத்தார்கள். குட்டியை நான்கு பேர் சேர்ந்து கையால் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே போட்டார்கள். அதன் மேல் காய்ந்துகொண்டிருந்த மிளகாய் சேலையோடு மண்ணில் விழுந்தது.

லாரி போன பிறகு வெளியே வந்து முதலில் மிளகாயைத்தான் பொறுக்கினேன். அப்புறம் தகர டப்பா நான்கையும் பொறுக்கி அடுப்படியில் பரணுக்குக் கீழே அடுக்கினேன். கல் எட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஆவணி கடைசியில் அவரைக் கூட்டி வந்தார்கள். ஆம்புலன்ஸ் தெருப்பக்கம் நின்றது. அதனால் கொல்லையைப் பார்க்க வழியில்லை. முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். தலையணையில் சாய்ந்ததும் கேட்டார், "வண்டியெல்லாம் எப்படி இருக்கு?"

மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "எல்லாம் இருக்குப்பா. நீங்க மொத எந்திரிங்க" என்றான் அவன். அவர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன்.

மகன் திருப்பூருக்குப் புறப்படும்போது வாசலில் வைத்துச் சொன்னான்: "கொஞ்சம் தேறட்டும்மா. தீபாவளிக்கு வாரேன்ல, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத." வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன ஒரே ஆள் அவன்தான்.

தினமும் காலையில் நான் டீயைக் கையில் கொடுப்பேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்பார்.

"கல்லெல்லாம் இருக்கா?"

"இருக்குங்க."

அது பொய்யில்லை. கல் இருந்தது. நான் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். கல்லைப் பற்றித்தானே கேட்கிறார், வண்டியைப் பற்றிக் கேட்கவில்லையே என்று. முதல் நாளுக்குப் பிறகு வண்டியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. பாயைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல் என்றும் சொல்லவில்லை. உடம்பு முடியவில்லை, நினைப்பு விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பாய் பார்க்க வந்தார். எப்போதும் போலக் கொல்லை வழியாகத்தான் வந்தார். அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தார். நான் வேண்டாம், சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் முன்னறைக்குப் போனார். நான் டீ போட்டுக்கொண்டு போனபோது இருவரும் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் டீயை ஆற்றுவேன். சொல்லி, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? கோபப்பட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவர் கோபப்படாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? எங்கள் வீட்டில் ஒரு கெட்ட செய்தியும் என் வாயால் போனதில்லை. மாமியார் செத்ததைக்கூடப் பக்கத்து வீட்டு ஆளைவிட்டுத்தான் வயலுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆயுத பூசை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நான்கு வண்டியையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார். நசுங்கினதில் ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பார். அது சாஸ்திரமெல்லாம் இல்லை, அவருடைய பழக்கம். அன்றைக்குக் காலையில் டீ குடித்துவிட்டு, கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. "எலுமிச்சம்பழம் வாங்கியாச்சா?" என்றார்.

"வாங்கியாச்சு."

"அப்ப ஒன்னு செய்யி. ஒவ்வொரு வண்டியாப் போயி, கியர் கம்பிய நடுவுல தட்டி விட்டுட்டுக் கல்ல எடு. ஒரு சாண் அதுவா உருளும். பழம் நசுங்குனதும் திரும்பக் கல்லக் குடுத்துரு. ஒன்னால முடியும்ல?"

அந்த நேரத்தில் எனக்கு ஓடின நினைப்பெல்லாம், எப்படிப் போய் எப்படித் திரும்பி வருவது என்பதுதான். "முடியுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வேற எதுவும் சொல்லணுமா?"

"இல்லைங்க."

"சரி, போ."

சந்தனக் கிண்ணமும் நான்கு பழமுமாகக் கொல்லைக்குப் போனேன். சரிவில் எட்டுக் கல் ஜோடி ஜோடியாகக் கிடந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்தேன். ஒரு கல்லைத் தூக்கி நான்கின் மேலும் போட்டேன். கல்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாம்பல் வண்டி நின்ற இடத்தில் கிடந்த பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

கையில் வாங்கினார். டிராக்டர் ஏறின பழம் அடை மாதிரித் தட்டையாகிக் கரிசல் மண்ணோடு அப்பிப்போயிருக்கும். டயர்ப் பட்டையின் தடம் அதில் விழுந்திருக்கும். என் கையிலிருந்து போனது ஒரு பக்கம் வாய் பிளந்து, மறுபக்கம் உருண்டையாகவே இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார்.

"டயர்ல காத்துக் கம்மியா இருக்கு போல" என்றார்.

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "ஆமாங்க, இருக்கும்" என்றேன்.

"கல்ல எடுக்கையில விலகிக்கிட்டியா?"

"விலகிட்டேன்."

"காதுல விழல."

"விலகிட்டேன்!"

சிரித்தார். பழத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கல்லைப் பற்றியும் கேட்பதை நிறுத்திவிட்டார். டீயை வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுப்பார், அவ்வளவுதான். பொய் சொல்ல வேண்டியதில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது நெஞ்சில் சளி கட்டியது. மகன் வந்து சேர்வதற்கு முன்னாலேயே போய்விட்டார். காய்ந்து கறுத்துப்போன அந்தப் பழம் தலையணைக்கு அடியில் இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். மகன் கருவாட்டுக் குழம்பும் சேவும் வைத்தான். நான் அடுப்படிக்குப் போய்த் தகர டப்பா நான்கையும் எடுத்து வந்து இலைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

"எம்மா, இது எதுக்கு?" என்றான் மகன். வீடு நிறைய வெளியூர்ச் சொந்தக்காரர்கள். ஆணும் பெண்ணுமாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்றைக்கும் வராத வாய் அன்றைக்கு வந்தது.

"நாந்தான் தலையாட்டுனேன். அவுக வண்டிய ஏத்திவிட்டது நாந்தான். கடைசி வரைக்கும் அவுககிட்டச் சொல்லல."

யாருக்கும் புரியவில்லை. "துக்கத்துல என்னமோ பேசுறாக, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று யாரோ சொன்னார்கள். மகனுக்கு மட்டும் புரிந்தது. அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பாய் அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"மதினி, அண்ணனுக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க டீப் போடப் போன அன்னைக்கே கேட்டாரு. 'பாய், நீ கொல்ல வழியா வந்தவன், எம் மொகத்தப் பாத்துச் சொல்லு, வண்டி இருக்கா'ன்னாரு. எனக்குப் பொய் வரல. அழுதாரு. அப்பறம் கண்ணத் தொடச்சிட்டு, 'அவளுக்குத் தெரிஞ்சதாக் காட்டிக்கிறாத. அவளா வந்து சொல்லட்டும். அவ பயந்துக்கிட்டுத் திரியிறா. தெனமும் நான் கேக்குறேன், ஒரு நாளைக்குச் சொல்லிருவா'ன்னாரு."

பாய் அதற்கு மேல் நிற்கவில்லை. நான் அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கல்லெல்லாம் இருக்கா என்று ஒரு மாதம் தினமும் எனக்கு வழி திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் ஆயுத பூசையன்று, ஓட்ட ஆளில்லாத வண்டிக்குக் கல்லை எடு என்றாரே, அதை எப்படி நான் நம்பினேன்? விலகிட்டேன் என்று என் சத்தம் காதில் விழாமல் ஒரு தரம்கூட மிதிக்காத மனிதர், ஆளில்லா வண்டிக்கு முன்னால் என்னை நிற்கச் சொல்வாரா? நடக்காத காரியத்தைச் சொன்னால் நான் உடைந்து உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பார்த்திருக்கிறார். நானோ பழத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் காற்றின் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே துக்கம், ஒரே வீடு. ஆளுக்கொரு மூலையில் வைத்து அழுதிருக்கிறோம். மகன் மேல்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மகன் திருப்பூருக்குத் தன்னோடு கூப்பிட்டான். போகவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஓடைப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. நான் அடுப்படியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகைப் போட்டுவிட்டு டப்பா நான்கையும் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். சரிவுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. நின்றேன். சேலை முழுக்க நனைந்துவிட்டது. கல்லுக்கு வைத்த சந்தனமெல்லாம் எப்போதோ கரைந்து போயிருந்தது.

திரும்பக் கொண்டுபோக மனம் வரவில்லை. ஜோடிக்கு ஒரு கல்லாக நான்கு கல்லின் மேலும் ஒவ்வொரு டப்பாவைக் கவிழ்த்தேன். குட்டியின் டப்பா சின்னது, கல்லுக்குப் பற்றவில்லை. சரிந்து சரிந்து விழுந்தது. அதை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு மழை விடுகிற வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தேன்.